அபயாம்பாள் பிளேட்டின் இரண்டாம் பக்கம்

கச்சேரி ரோடு,
மயிலாப்பூர்.
5-11-1944

அன்புச் சிநேகிதன் ஸ்ரீரங்கனுக்கு, அத்தர் கடை அப்துல் கய்யூம் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஜமீலாவும் குழந்தைகளும் ஆண்டவன் கிருபையால் சுகம். அங்கே நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். வழியில் பிரித்துப் படிக்கும் பட்டாளத்து ஆபீசர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் யுத்த சமாசாரம் ஒன்றும் கிடையாது, நம் பாட்டுக்கார அபயாம்பாளின் சமாசாரம்தான்.

முதலில் உன் வீட்டுச் செய்தி. போன வாரம் சித்திரக்குளத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. உன் தங்கை நீரஜாவுக்கு வரன் பார்க்கிறார்கள், ஒன்றும் சரியாக அமையவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டதற்கு அம்மா, "அவனுக்கென்ன, ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்துண்டு கணக்கு எழுதறானாம்" என்றார். நீரஜா உன் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். மூன்றே வரி. தபால் கார்டில்கூட இடுக்கில் நுழைத்து "இந்த வருஷம் எந்த சபாவில் யார் கச்சேரி" என்று கேட்கிறவன் நீ. இப்போது இரண்டு மாதமாகப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போதே என் மனசில் ஒரு முள் தைத்துவிட்டது. அதை அங்கே சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இனி பிளேட் விஷயம். அரக்குக்குத் தட்டுப்பாடாம். புது கிராமபோன் பிளேட் வேண்டுமென்றால் பழையதைக் கொண்டுவா என்கிறார்கள் கடைக்காரர்கள். அதை உடைத்து உருக்கித்தான் புதிது அடிக்கிறார்களாம். ஊரில் உள்ள நல்ல நல்ல பிளேட்டெல்லாம் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் நம்முடைய அபயாம்பாள் பிளேட்டை ஒரு பழைய சால்வையில் சுற்றி, ரோஜா அத்தர்ப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஜமீலாவுக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் கடைக்கு ஒருவர் வந்தார். அல்பாகா கோட்டு, நெற்றியில் ஒற்றை நாமம், வாய் நிறைய வெற்றிலை. அத்தர் வேண்டும் என்றார். மல்லிகையை எடுத்து அவர் புறங்கையில் தடவினேன். மூக்குக்கிட்டே கொண்டுபோகாமலே "சபாஷ்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பிளேட்டின் இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்ததும் ஓர் ஆண் குரல் சபாஷ் சொல்லுமே, அதே சபாஷ். அபயாம்பாளின் ஆர்மோனியக்கார நாயுடு. நாடகக் கொட்டகையில் அவருடைய முதுகைத்தான் நாம் பார்த்திருக்கிறோம், குரல் மட்டும் எனக்குத் தப்பவில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த புட்டியை எடுத்தேன். அவர் கண் அலமாரிக்கு அடியிலேயே இருந்தது. "இன்னா பாய், ரோஜா இல்லியா? கீழ்ப் பொட்டியில கீதுன்னாங்களே" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "சும்மா கேட்டேன் நைனா" என்று சிரித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

அன்று முழுவதும் எனக்கு வியாபாரம் ஓடவில்லை. பழைய பிளேட் பொறுக்கி விற்கும் கூட்டத்தில் இவரும் சேர்ந்துவிட்டாரா? யார் காட்டிக்கொடுத்தார்கள்? ஜமீலா பெட்டியை நகர்த்தியிருப்பாளோ என்று அவளைக் குடைந்தேன். "உங்களுக்கு உங்க நிழலைப் பாத்தாலே சந்தேகம்" என்று எழுந்து போய்விட்டாள். பக்கத்துக் கடைக்காரனை நினைத்தேன். கடைசியில் ஒருவன்தான் மிஞ்சினான், நீ. உன்மேல் சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. சந்தேகம் சரியாகத்தான் இருந்தது.

இருந்தாலும் உன்மேல் கோபமாக எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்த அம்மாளின் பாட்டுத்தான் நினைவுக்கு வந்து கையைக் கட்டிப்போட்டது. நாம் முதன்முதலில் கேட்டபோது அவர் ராஜகுமாரன் வேஷத்தில் வந்த சின்னப் பெண். மைக் ஏது அப்போது? கடைசி பெஞ்சில் சோடாக்காரனின் கூச்சலுக்கு மேல் அந்தக் குரல் வந்து நம்மைத் தொட்டது. விஷம் குடித்து விழும்போது ஒரு பாட்டு. கொட்டகை முழுக்க 'ஒன்ஸ் மோர்' என்று கத்தியதும், செத்துப்போன ராஜகுமாரன் எழுந்து, கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, மறுபடி பாடி மறுபடி செத்தான். நீ அழுதாய். நான் அழவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறேன்.

பிறகு பிளேட்டுகள் வந்தன. 'ஓடக்காரா' பிளேட்டை இருவரும் சேர்ந்து வாங்கி, முதல் பக்கம் எனக்கு, இரண்டாம் பக்கம் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு விருத்தம். கரையில் நிற்கிற பெண் ஓடக்காரனைக் கூப்பிடுவாளே, அது. உனக்குப் பாட்டு. ஓடம் போன பிறகு அவள் தண்ணீரோடு பேசுவது. உன் அப்பா நாடகப் பாட்டை வீட்டுக்குள் விடமாட்டார் என்பதால் உன் பக்கமும் என் கடையிலேயே தங்கிவிட்டது. லஸ் காபி கிளப்பில் அந்தப் பிளேட் ஓடிக்கொண்டிருந்தபோது, நீ எழுந்து உள்ளே போய் "சுருதி அரைக் கட்டை இறங்கிடுத்து, சாவி கொடுங்கோ" என்று முதலாளியோடு சண்டை போட்டதை யாரால் மறக்க முடியும்? அப்படிப்பட்ட காது உன்னுடையது.

அதற்கப்புறம் அந்த அம்மாளுக்கு நல்ல காலம் இல்லை. நடித்த ஒரே டாக்கிப் படத்தில் பாதிப் பாட்டை வெட்டிவிட்டார்கள். டைபாய்ட் வந்து எழுந்தார், குரல் எழுந்திருக்கவில்லை. இந்த ஆகஸ்டில் தியாகராய நகர் சபாவில் கச்சேரி என்று ஓடினேன். ஐந்து கட்டையில் நின்றவர் நாலு கட்டையில் பாடினார். ஓரத்தில் ஒரு கரகரப்பு. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் சுற்றுவழியாகப் போனார். நான் மூன்றாவது பாட்டிலேயே எழுந்து பஸ் ஏறிவிட்டேன். அது அவரில்லை, அவர் பெயரில் வேறு யாரோ என்றே ஜமீலாவிடம் சொன்னேன்.

அந்த அம்மாளே போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நான் கடையைத் திறக்கும்போது, ஜட்காவில் வந்து இறங்கினார். கூடவே நாயுடு. எத்தனை வருஷம் இந்த முகத்துக்காகக் கொட்டகை வாசலில் காத்து நின்றோம், ரங்கா. இப்போது வாசலில் வந்து நிற்கிறார், எனக்கு வாங்க என்று சொல்ல வரவில்லை. ரோஜாப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். கம்பெனியில் புதுப் பிளேட் போடச் சம்மதித்துவிட்டார்களாம். ஆனால் "உங்க சரக்கு இப்ப ஓடறதில்லே, அரக்குக்குப் பழைய பிளேட்டை நீங்களே கொண்டாங்க" என்றார்களாம். அதற்காக வீடு வீடாகக் கேட்டு வாங்குகிறார். எந்தப் பிளேட் ஆனாலும் கம்பெனிக்குச் சரிதான், இந்த அம்மாளுக்கு மட்டும் 'ஓடக்காரா' வேண்டும். தெரிந்த இடத்திலெல்லாம் வாங்கி உடைத்தாகிவிட்டது, ஊரில் நம்மிடம் இருப்பதுதான் கடைசி என்று நினைக்கிறார். ஏனம்மா இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். "அந்தப் பழைய குரல்தான் பாய் எனக்குச் சக்களத்தி. எங்க போய் உக்காந்தாலும் அவளாட்டம் பாடுங்கறாங்க. நான் அவளுக்கு எங்க போவேன்?" என்றார். பஸ் ஏறி ஓடிவந்தவன்தானே நானும்.

தப்பித்துக்கொள்ள ஒரு வழிதான் தோன்றியது. பாதி என் சிநேகிதனுடையது, அவனைக் கேட்காமல் கொடுக்க முடியாது என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அவர் பங்கை அவர் கொடுத்துட்டாரே. இந்தக் கடையையும் ரோஜாப் பொட்டியையும் சொன்னதே அவர்தானே" என்றார்.

பட்டாளத்துக்காரர்களுக்குப் பாட அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார்களாம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பாடியபோது கட்டிலில் நீ இருந்தாயாம். காயம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, நீ வேலை பார்க்கும் பட்டாள டிப்போ பக்கத்தில் குண்டு விழுந்ததாம், கையில் சின்னக் கட்டு இருந்தது என்றார்கள். எல்லாம் விசாரித்தேன். நீ என்ன பேசினாய், எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாயுடுவுக்கு உன்னைப் பற்றிப் பேச ஒரே சந்தோஷம். "அப்டியே சொக்கிப் பூட்டாரு நைனா. அம்மா வாயையே பாத்துக்கினு கீறாரு. நர்ஸம்மா தோள்ல கை வெச்சாத்தான் திரும்பறாரு" என்றார். அந்த அம்மாளோ, "எத்தனையோ பேர் கேட்டாங்க. என் குரல் கொஞ்சங்கூட மாறலைன்னு சொன்னவர் உங்க சிநேகிதர் ஒருத்தர்தான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு எங்கேயோ இடித்தது. கிராமபோனில் அரைக் கட்டை இறங்கினால் சண்டைக்குப் போகிறவன், ஒரு கட்டை இறங்கியதைக் கண்டுபிடிக்கவில்லையா? சரி, பாவம் பார்த்துச் சொல்லியிருப்பாய் என்று சமாதானம் செய்துகொண்டேன். பிளேட் வேண்டும் என்று அவனிடம் எப்படிக் கேட்டீர்கள் என்று கடைசியாக ஒன்று கேட்டேன். எழுதிக் காட்டினோம் என்றார் நாயுடு. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததாம், மழைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை, எழுதிக் காட்டுங்கள் என்று நீ சொன்னாயாம். நீயே சொல். பக்கத்தில் நின்று பேசுவதை விழுங்கிவிடும் மழையில், குரல் மாறவில்லை என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

உனக்குக் காது கேட்கவில்லை, ரங்கா. அதனால்தான் உன் பங்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். அதனால்தான் கடிதத்தில் பாட்டு இல்லை. அவர்கள் இருவரும் அதை ரசனை என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள்.

நான் பிளேட்டைக் கொடுக்கவில்லை. சிநேகிதன் அவன் பக்கத்தைக் கொடுத்தால் கொடுக்கட்டும், என் பக்கத்தை அதிலிருந்து எப்படி உரித்து எடுப்பது என்று வக்கீல் போலச் சட்டம் பேசினேன். பதிலுக்கு என்னிடமிருந்த மற்றப் பிளேட்டுகளையெல்லாம், ஜமீலா உயிராக வைத்திருந்த கவாலிப் பாட்டுப் பிளேட் உட்பட, ஜட்காவில் ஏற்றிவிட்டேன். புதுப் பிளேட்டுக்கு அது தாராளமாகப் போதுமாம். ஜமீலா என்னோடு பேசுவதில்லை. அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உங்க சிநேகிதர் மனசு உங்களுக்கு இல்லே பாய்" என்றார். உனக்குக் காது கேட்கவில்லை என்ற உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் சொன்னால், அவருக்குக் கிடைத்திருக்கிற ஒரே நல்ல வார்த்தையும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். நீயும் என்றைக்காவது அவருக்கு எழுத நேர்ந்தால், மாறவில்லை என்றே எழுது.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ வந்து சொல். என்னிடம் மட்டும் ஒன்றை மறைக்காமல் எழுது. ஒரு காதா, இரண்டுமா? ஒன்று மிச்சமிருந்தால், இனி எந்தக் கச்சேரிக்குப் போனாலும் நான் அந்தப் பக்கமாக உட்கார்ந்து தொணதொணக்கிறேன். இரண்டும் இல்லையென்றாலும் நீ பயப்படாதே. நேற்று மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, அத்தர்ப் பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, கிராமபோன் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து, உன் பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். என் காதுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக் கேட்கிற இடத்தில் பலகை கைக்குள் சிலிர்த்தது. அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் நின்றது. மறுபடி சிலிர்த்தது. அந்த இடம் எனக்குத் தெரிந்ததென்றால், உனக்குத் தெரியாமல் போகாது.

லீவு கொடுத்தால் வந்துவிடு. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு வா. அதுவரை அந்த ஆண்டவன் உன்னைத் தன் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் பக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்கும்,
அப்துல் கய்யூம்