முன்கை எலும்பு

செங்கல்பட்டு,
11.7.1956

அன்புள்ள அக்கா,

நர்சுப் படிப்பில் இந்த வாரம் கை எலும்புகள் நடத்துகிறார்கள். தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

நேற்று டாக்டரம்மா, முறிந்து கோணலாகக் கூடிய ஒரு முன்கை எலும்பை என்னிடம் கொடுத்து, எப்படி முறிந்திருக்கும் என்று கேட்டார்.

"கீழ விழுந்திருப்பாங்க" என்றேன்.

"இல்லம்மா. விழறவங்க கைய ஊனுவாங்க, மணிக்கட்டாண்ட முறியும். இது அடியத் தடுக்கக் கையத் தூக்கினப்போ முறிஞ்சது."

உன் கையும் அதே இடத்தில்தான் கோணியிருக்கிறது. "கெணத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்டி" என்றாய். அம்மாவிடம் நானும் அப்படியே சொன்னேன்.

டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது என்று எழுத நினைத்தேன். அது பொய். அன்று சதுரங்கப்பட்டினத்தில் உன் வீட்டில்தானே இருந்தேன்? மாமா கத்தியது கேட்டது. நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. நான் பரீட்சைப் பாடத்தை இன்னும் உரக்கப் படித்தேன், அக்கா.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் அங்கே வருகிறோம். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. என்னோடு நீ பேச வேண்டாம். துணிமணிகளை மட்டும் எடுத்து வைத்திரு.

உன் தங்கை