மாசக் கடைசி ஞாயிறு வர வேண்டாம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் அண்ணன் வீட்டில் நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். இருபத்திரண்டு நாளாக ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு வந்துவிடுவதாக நீ போனில் சொன்னபோது வெறும் 'ம்' போட்டேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பாய். பயத்தில் வரவில்லை. வாயால் சொல்லத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன். பெட்டி கட்டும் முன் இதை முழுசாகப் படித்துவிடு.

நீ அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போன அந்த வாரம் கை நடுக்கத்துக்கு மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கையைப் பார்த்தார், மூஞ்சியைப் பார்த்தார். "இதுக்கு டாக்டரைப் பாருங்க. அப்படியே இங்கயும் போங்க, குடிய விட நினைக்கிறவங்க கூடுற இடம்" என்று மாத்திரை உறையின் பின்னால் முகவரி எழுதிக் கொடுத்தார். டாக்டரைப் பார்த்துவிட்டேன். அந்த இடத்துக்கு மட்டும் கால் எழவில்லை. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. இரண்டு வாரம் தெருவை அளந்ததுதான் மிச்சம். உள்ளே போனால் குடிகாரன் என்று முத்திரை விழுந்துவிடுமாம்! ஊரே ஏற்கெனவே குத்தி வைத்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

மூன்றாவது வாரம், சாயங்காலம் வேன் பிள்ளைகளை அவரவர் வீட்டில் விட்ட கையோடு, ஒரு வேகத்தில் படியேறிவிட்டேன். என் புத்தியைக் கேள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று பதுங்கிப் பதுங்கிப் போனவன், பள்ளிக்கூட வேனை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்! மஞ்சள் வண்டி, முழ நீளத்துக்குப் பள்ளியின் பெயர்.

கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு தையல்காரர். ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏண்ணே, ஒரு மைக்கும் கட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். பத்துப் பதினோரு பேர், எல்லோரும் சிரித்தார்கள். கடைசி நாற்காலியில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. என் வேனில் வரும் ரெட்டைச்சடைக்காரியின் அம்மா. வண்டியைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் மீதியும். இங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது படி இறங்கினால் வாயில் வரக் கூடாது, அதுதான் இங்கே சட்டம் என்று தையல்காரர் சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. உனக்கு எழுதுவதே அதை மீறுவதுதான்; உன்னோடு இருக்கட்டும்.

இரண்டு கூட்டம் வாய் திறக்காமல் டீ குடித்துவிட்டு வந்தேன். போன வாரம் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியாததை அங்கே முதலில் சொன்னதற்கு மன்னித்துவிடு.

நீ கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், ஒரு புதன்கிழமை. காலையிலேயே போட்டிருந்தேன். பள்ளியில் பிள்ளைகள் இறங்கியதும் கடைசி சீட்டு வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். வேன் ஓட்டுகிற எவனும் அதை விடமாட்டான். அன்றைக்கு நான் விட்டேன். ஷெட்டில் வண்டியைப் பூட்டிவிட்டு பெஞ்சில் கட்டையைச் சாய்த்துவிட்டேன். முக்கால் மணி நேரம். கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்தால், உள்ளே ரெட்டைச்சடைக்காரி. பின் சீட்டில் தூங்கிப்போயிருக்கிறாள். சட்டை தொப்பலாக நனைந்து, உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லை. தண்ணீர் கொடுத்தேன், முகம் கழுவிவிட்டேன், பள்ளியில் கொண்டுபோய் விட்டு, காலையில் வண்டியைத் தவறவிட்டவளைத் தனியாகப் போய் அழைத்து வந்தேன் என்று டீச்சரிடம் புளுகினேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு" என்றேன். அந்தப் பிஞ்சு சொல்லவே இல்லை.

இதை அவள் அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து படியில் வைத்துத்தான் கேட்டார்: "அவ சொன்னாளோ என்னவோ. அன்னிக்கு இருந்த நிலையில எனக்குத்தான் காதுல ஏறியிருக்காது. இங்க கேட்டத வெளிய சொல்லக் கூடாது, சரி. நாளைக்குக் காலையில என் பொண்ண என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

நேராக முதலாளி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, சாவியை வைத்தேன். குழந்தையின் வீட்டில் சொல்லிவிட்டேன் என்றேன். எங்கே சொன்னேன் என்று சொல்லவில்லை. "இருபது பிள்ளைங்கள உன்னை நம்பி ஏத்தினேனேடா, பாவி!" என்று கத்தினார். இப்போது வண்டி கழுவுகிறேன், ஸ்டியரிங் பக்கம் கை போகக் கூடாது. நேற்றுக் கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. என்னால் மறுபடி குடியைத் தொட்டுவிட்டாரோ என்னவோ.

இப்போது சொல், உன்னை எப்படி வரச் சொல்வேன்? நீ வேலைக்குப் போய்விட்டால் பாப்பா என் பொறுப்பு. நான் சரியாகிவிட்டேன் என்று நீ நம்பிவிடுவாய்; நானும் நம்பிவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது. "அம்மாகிட்ட சொல்லாத" என்று நான் சொன்னால் நம் பாப்பாவும் சொல்ல மாட்டாள்.

கையெடுத்துக் கும்பிடுகிறேன், இந்த ஞாயிறு வராதே. பாப்பா கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல். அது பொய்யில்லை. அவள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒருநாள் நானே கூப்பிடுவேன். அன்றைக்கு, இந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டு, வராமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்