இந்தப் பெட்டி என்னுடையது

ஜனவரி 14

கொழுந்தன் தாலாய் தன் பழைய கேம் பெட்டியை நிலக்கரிக் கொட்டகையில் வீசிவிட்டான். லென்ஸ் செத்துவிட்டதாம், எந்த டிஸ்க்கையும் படிக்கவில்லையாம்.

"டிஸ்க்கே வேண்டாம். பென் டிரைவ்ல ஓட்டலாம்" என்றேன்.

அவன் அத்தையைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணிக்கு மாவே ஒழுங்கா பிசைய வரல. பெட்டியை ஓட்டப் போறாங்களாம்!" அத்தையும் சிரித்தார்.

நாரின் ஊரில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டாவது குளிர்காலம். கணவர் குபாத் மாஸ்கோவில் வேலை செய்கிறார். தலைநகர் பிஷ்கெக்கில் நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பது இங்கே யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது.

கரி அள்ளப் போனபோது பெட்டியையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 17

சந்தையில் ரிப்பேர் கடை ஜூமாபெக்கிடம் ஒரு மெமரி கார்டு. டிஸ்க் இல்லாமலே பெட்டியை எழுப்பும் புரோகிராம் அதில் இருக்கிறது. நான் பின்னிய கையுறைகளைக் கொடுத்து வாங்கினேன்.

ஜனவரி 18

பெட்டி எழுந்தது. கால்பந்து கேமின் பெயர் வந்தது. அழுத்தினால் வெறும் கறுப்புத் திரை.

அழ மாட்டேன்.

ஜனவரி 21

கண்டுபிடித்துவிட்டேன்! பென் டிரைவில் ஏற்றுவதும் அழிப்பதுமாக இருந்ததில் கேம் துண்டு துண்டாகச் சிதறிப்போயிருக்கிறது. பழைய பெட்டிக்கு அதைத் தேடிப் பொறுக்கத் தெரியாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன்.

ஓடுது! தொடக்கக் காட்சிதான் திக்குகிறது. ஆட்டம் திக்கவில்லை. பந்து என் விரல் சொன்ன இடத்துக்குப் போகிறது.

தாலாய் எட்டிப் பார்த்தான். "அட! சரி அண்ணி, என் ரூம்ல வச்சிடுங்க."

"வைக்க மாட்டேன்."

ஜனவரி 23

குபாத் போன் செய்தார். "சின்னப் பையனோட உனக்கென்ன போட்டி? குடுத்துடு. அம்மா சங்கடப்படறாங்க."

என்ன போட்டி? தூக்கிப் போட்டது அவன், எடுத்தது நான். அவ்வளவுதானே! இந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணு இருக்கக் கூடாதா? ஒரே ஒண்ணு? — "குடுக்க மாட்டேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டேன். நாலு நாள் பேச மாட்டார். பேச வேண்டாம்.

ஜனவரி 30

நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் தாலாய் பெட்டியை நண்பன் வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டான். கார்டும் டிரைவும் என் சட்டைப் பையில்!

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டான். "அண்ணி... அந்தப் பென் டிரைவ்..."

"இங்க உக்காந்து ஆடு. என்னைக் கேட்டுட்டு ஆடு."

அத்தை அதட்டினார்: "மருமக பேசற பேச்சா இது?"

"ஆமா அத்தை. மருமகதான் பேசறேன்."

என் குரல் நடுங்கவில்லை.

பிப்ரவரி 12

பக்கத்து வீட்டு மருமகள்கள் இருவர் ஆட வந்தார்கள். ஊர் என்ன சொல்லும் என்று அத்தை முணுமுணுத்தார். ஆனால் அறையை விட்டுப் போகவில்லை. ஒரு கோல் விழுந்தபோது, "யாரு போட்டது?" என்று கேட்டார்.

மார்ச் 3

தாலாயை 3-1 என்று தோற்கடித்தேன். கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு ஆட்டம், அண்ணி. ப்ளீஸ்" என்றான்.

மார்ச் 19

ஆட்டத்தின் நடுவே யாரோ கதவைத் தட்டினார்கள். அத்தை போய்த் திறந்தார். பக்கத்து ஊர் அத்-பாஷியிலிருந்து ஓர் ஆள். கம்பளித் துணியில் சுற்றிய கேம் பெட்டியோடு நின்றான்.

"சைரகுல் வீடு இதுதானே? ஜூமாபெக் அனுப்பினாரு. இதுலயும் லென்ஸ் போயிடுச்சாம்."

என் பெயரைச் சொல்லிக் கேட்டான். குபாத் வீடு, மாமனார் வீடு என்றுதான் இதுவரை கேட்டு வந்திருக்கிறார்கள்.

அத்தை சொன்னது இங்கே வரை கேட்டது: "இதுதான். உள்ள வந்து உக்காருங்க. அவ ஆட்டத்துல இருக்கா, முடியட்டும்."