வியாழக்கிழமை மத்தியானம் காலியாக இருக்கட்டும்

ஏனுங்க,

தோள் வலியோடு தூங்குற உங்களை எழுப்ப மனசு வரலை. காரமடை பங்களாவில் ஜன்னல் கண்ணாடி துடைக்க உங்களுக்குப் பதிலா நானே போறேன். சரசக்கா ஏணி பிடிப்பாங்க. கம்மஞ்சோறு சட்டியில் இருக்கு, மோர் ஊற்றிக் கரைச்சுக் குடிங்க.

நேற்று கத்திப்போட்டேன். வேறென்ன செய்ய? யார் கூப்பிட்டாலும் தலையாட்டிப்போடறீங்க. மழை வந்து ஒரு வேலை தள்ளிப்போனால் செஞ்சு முடிக்க, வாரத்தில் ஒரு மத்தியானம், இந்த வியாழக்கிழமையாவது சும்மா கிடக்க வேண்டாமா? அதனால் உங்க போனை நான் எடுத்துக்கிட்டேன்.

இதை மடிக்கும்போதே வடவள்ளியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. வியாழக்கிழமை மத்தியானம்தான் வேணுமாம். "கொஞ்சம் தயவு பண்ணுங்க அம்மணி"ன்னாங்க. இவ்வளவு தன்மையாகக் கேட்டால் எப்படிங்க முடியாதுங்கிறது? சரின்னு சொல்லிப்போட்டேன்.

சாயங்காலம் வந்து திட்டு வாங்கிக்கறேன். சிரிச்சு முடிச்சுட்டுத் திட்டுங்க.