நீ எனக்காக அனுப்பிய ‘நோ’

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் நினைக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குக் கீழே வருகிற எதுவும் நீ படித்துச் சந்தோஷப்படுகிற மாதிரி இருக்காது. நான் துணி மடித்துக்கொண்டே சொல்கிறேன், உன் தங்கை எழுதுகிறாள். நானே பேனாவைப் பிடித்தால் தாள் கிழிந்துவிடும். போனிலேயே திட்டலாம்தான், ஆனால் போனில் நீ அம்மா அம்மா என்று குழைவாய், நானும் இளகிப்போய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்துக்கு நடுவில் உன்னால் குழைய முடியாது. இவளோ நான் திட்டுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அதே பொருளில் கொஞ்சம் மென்மையாக வேறு ஒன்று கிடைக்குமா என்று பேனாவைக் கடித்து யோசிக்கிறாள். மென்மை வேண்டாம், நான் சொன்னதையே எழுதடி என்று அவளுக்கும் ஒரு அதட்டல் போட்டாயிற்று.

நம் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு உனக்குத் தெரியாததில்லை, சின்ன வயதில் பள்ளி விட்டதும் அங்கேதான் வந்து அழுக்குத் துணி வண்டிக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுவாய். தரைக்குக் கீழே, ஒரு ஜன்னல்கூட இல்லாத அறை. வெளியே மழை பெய்கிறதா என்பதை அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவளுக்கு, வாசலை ஒட்டிய உதவி மேசைக்கு ஆள் தேவை, உள்ளே வேலை பார்க்கிறவர்களே விண்ணப்பிக்கலாம், ஆங்கிலத்தில் பேசிக் காட்டினால் போதும் என்று ஒரு அறிவிப்பைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். வருகிற நோயாளியிடம் எங்கே வலி, எந்த மாடி, எந்த டாக்டர் என்று கேட்டு வழிகாட்டுகிற வேலை. வெளிச்சத்தில் உட்கார்ந்து மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வேலை. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. இந்த வயதில் எனக்கென்று ஒன்றை வேண்டும் என்று நினைத்தது அதுதான். விண்ணப்பத்தை இணையத்தில் போட வேண்டும் என்றார்கள், அதனால் உன்னிடம் கொடுத்தேன். தகவல் எல்லாம் ஆங்கிலத்தில் வரும், நீ குழம்பிப்போவாய், என் நம்பரையே போட்டுவிடுகிறேன் என்றாய். நானும் பெருமையாக, என் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று சலவைப் பிரிவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் எப்படிப் படித்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, இப்போது கேட்டுக்கொள். உன் தங்கை பள்ளி நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தாள். ஒரு சொல், பக்கத்தில் அதே பொருள் தருகிற சொற்கள், அதற்கும் பக்கத்தில் எதிர்ச்சொற்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. முதல் வாரம் மனப்பாடம் செய்தேன், ஒன்றும் தலையில் நிற்கவில்லை. அப்புறம்தான் இவள் ஒன்று சொன்னாள், அம்மா, சொல்லைத் தனியா படிக்காத, யாரோட சேர்ந்து வருதுன்னு பாரு என்று. அது எனக்குப் பிடிபட்டது. வலிக்கு ‘பெயின்’ என்றும் சொல்லலாம், ‘ஏக்’ என்றும் சொல்லலாம், இரண்டும் பங்காளிகள். ஆனால் தலைக்கும் பல்லுக்கும் வயிற்றுக்கும் ‘ஏக்’ வருகிறது, நெஞ்சு என்றால் ‘பெயின்’ வந்து நிற்கிறது, தொண்டைக்குப் போனால் இரண்டும் ஒதுங்கிக்கொண்டு ‘சோர்’ முன்னால் வருகிறது. உன் சித்தப்பாவும் அப்பாவும் ஒரே முகம்தான், அதற்காக உன் பள்ளியில் சித்தப்பா வந்து கையெழுத்துப் போட்டால் விட்டார்களா? எதிர்ச்சொல்லும் அப்படித்தான். ‘ஓல்ட்’ என்பதற்கு எதிரி யார் என்றால், பழைய போர்வைக்குப் பக்கத்தில் நின்றால் ‘நியூ’, வயதான மனிதருக்குப் பக்கத்தில் நின்றால் ‘யங்’. யாரோடு நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாருக்கு எதிரி என்று தெரியும்.

வேலை நேரத்தில் படித்தது நெட்டையோடு. நெட்டையை உனக்குத் தெரியாது, நீ ஊரைவிட்டுப் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், மேல் தட்டில் இருக்கிற தலையணை உறையை ஸ்டூல் போடாமல் எடுப்பாள். அவளும் விண்ணப்பித்திருந்தாள். பெரிய போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும் இல்லையா, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்து சேர்ப்போம், மறுபடி விலகுவோம். கிட்டே வரும்போது நான் ஒரு சொல் சொன்னால் அவள் அதற்கு ஜோடியைச் சொல்ல வேண்டும், விலகும்போது எதிர்ச்சொல். நான் ‘ஹை’ என்பேன், அவள் ‘ஃபீவர்’ என்று சொல்லிக்கொண்டே வந்து முனையைச் சேர்ப்பாள், ‘லோ’ என்று கத்திக்கொண்டே பின்னால் போவாள். ‘லோ ஃபீவர்’ வராதுடி, ஜுரத்துக்கு ‘மைல்ட்’, பிரஷருக்குத்தான் ‘லோ’ என்பேன். ‘டூ’ என்றால் ‘ஹோம்வொர்க்’, ‘மேக்’ என்றால் ‘மிஸ்டேக்’. எங்கள் மேற்பார்வையாளர், எந்நேரமும் பல் இடுக்கில் சீட்டியடிப்பதால் எல்லாரும் விசில் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ரெண்டு பேரும் போர்வை மடிக்கிறீங்களா கும்மி அடிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டுப் போவார். ஆனால் தடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஆங்கிலத்தில் பேசிக் காட்டினேன். நோயாளி வந்தால் எப்படிக் கேட்பேன் என்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை, நானும் சிரித்துவிட்டு மறுபடி சொல்லியிருப்பேன். நீ கடைசி வரை கேட்டுக்கொண்டாய். அப்புறம், உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டமெல்லாம், நான் இருக்கேன்ல என்றாய். பிள்ளைக்குப் பாசம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். மறுநாள் உன் போனுக்கு, தேர்வுக்கு வருகிறீர்களா என்று கேட்டுத் தகவல் வந்திருக்கிறது. நீ ‘நோ’ என்று அனுப்பிவிட்டாய். அனுப்பிவிட்டு ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நான் நெட்டையோடு போர்வை மடித்துக்கொண்டும், உன் தங்கையைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்கச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். நீ நடுவில் போன் செய்து அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பேசினாய். அதை நினைக்கும்போதுதான் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

தேர்வுக்கு வர வேண்டியவர்களின் பெயரைப் பலகையில் ஒட்டியபோது நெட்டை பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. நான் விசில் அண்ணனிடம் போய்ச் சத்தம் போட்டேன். சலவைக்காரி மேலே வந்து உட்காரக் கூடாதா, யார் என் பெயரை வெட்டியது என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். பாவம் அந்த மனிதர், என்கிட்ட ஏம்மா கத்தறீங்க, நான் பேர் எழுதறவன் இல்ல, ஒட்டறவன் என்றார். அதே வேகத்தில் மாடியேறி, தலைமை நர்ஸம்மாவின் அறைக்குப் போய் அங்கேயும் கேட்டேன். அந்த அம்மா கோபப்படாமல் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். நீங்களே வேண்டாம்னு அனுப்பிட்டு இப்ப வந்து கேட்டா எப்படிம்மா என்றார். அதில் இருந்தது உன் நம்பர். பக்கத்து மேசையில் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதுவரை ஊரையெல்லாம் திட்டியிருக்கிறேன், வெட்டியது என் வீட்டுக் கை. ‘மை சன் மேட் எ மிஸ்டேக்’ என்றேன். மேலே போய் நான் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அதுதான். சரியான ஜோடியோடு சரியாகத்தான் வந்தது. எத்தனையோ நல்ல வாக்கியம் வைத்திருந்தேன், வெளியே வந்தது என் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிற வாக்கியம். நர்ஸம்மா, இவ்வளவு தெளிவா பேசறீங்களே, ஆனா லிஸ்ட் மேல போயிடுச்சு, இனிமே என் கையில இல்ல என்றார்.

தங்கை உனக்குப் போன் செய்து கேட்டபோது நீ சொன்ன காரணத்தையும் அவள் எனக்குச் சொன்னாள். உன் ஆபீஸில் நீ சேர்ந்த புதிதில் ஏதோ பேசப் போய் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாமே, அன்று முழுக்க உன்னால் சாப்பிட முடியவில்லையாமே, அம்மாவுக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்றுதான் செய்தாயாமே. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எந்தத் தாய்க்கும் வரும். ஆனால் அழுது முடித்தபோது கோபம் இன்னும் கூடித்தான் இருந்தது. உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், மறுநாள் நீ வேலைக்குப் போனாயா இல்லையா? இன்றுவரை அங்கேதானே இருக்கிறாய்? உனக்குத் தாங்க முடிந்தது எனக்குத் தாங்காது என்று யார் உனக்குச் சொன்னது? எனக்கு அவமானம் வரக் கூடாது என்றாய். அந்த அறையில் இரண்டு பேர் பார்க்க நான் நின்ற நிற்பு இருக்கிறதே, அது நீ வாங்கிக்கொடுத்தது. தேர்வில் உளறித் தோற்றிருந்தால் அது என் தோல்வி, நான் வைத்துக்கொண்டிருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நெட்டை நான் இல்லாமல் போக மாட்டேன் என்று துணி வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு அடம்பிடித்தாள். நானே அவள் தலையைச் சீவிவிட்டு, கைக்கு எட்டிய மட்டும் முதுகில் ஒரு தட்டு தட்டி மேலே அனுப்பினேன். தேறிவிட்டாள். நெஞ்சு வலி என்று வருகிறவரிடம் என்ன கேட்பாய் என்றார்களாம், ‘ஷார்ப் பெயினா டல் பெயினா’ என்று கேட்பேன் என்றாளாம், அசந்துபோய்விட்டார்களாம். ஓடி வந்து என்னைத் தூக்கியே விட்டாள். அந்த இரண்டு ஜோடியையும் நாங்கள் மடித்தது குழந்தைகள் வார்டின் போர்வையில், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனசார வாழ்த்தினேன், அதில் பொய் இல்லை. ஆனால் இப்போது அவள் வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் கீழே இருக்கிறேன், போர்வையின் மறுமுனையைப் பிடிக்க வந்திருக்கிற புதுப் பெண் வாயைத் திறப்பதே இல்லை.

அப்பா வழக்கம்போல வேனை ஓட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளிடம் பொறுக்கிய ஆங்கிலத்தை வீட்டில் வந்து கொட்டிக்கொண்டு இருக்கிறார். நேற்று, என்ன இன்னைக்கும் ஹெவி கோபமா என்றார். கோபத்துக்கு ‘ஹெவி’ சேராது, மழைக்கும் டிராபிக்குக்கும்தான் சேரும் என்றேன். உன் கண்ணுல மழை, வாயில டிராபிக், ரெண்டும் இப்ப நம்ம வீட்லதானே இருக்கு என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பையனை விட்டுடு, பாசத்துல பண்ணிட்டான் என்று உனக்காகப் பேசவும் செய்தார். பாசம் என்றால் கேட்டுவிட்டுச் செய்யட்டும் என்றேன். தங்கைக்குப் பரீட்சை வருகிறது, எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் அவள் பாடம் கெட்டுவிடுமோ என்று பயந்தேன், இவளானால் முன்பைவிட நன்றாகத்தான் எழுதுகிறேன் என்கிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. தாமாக விலகிக்கொண்டவர்கள் அடுத்த தடவை விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு விதி இருக்கிறதாம். அவர்கள் கணக்கில் விலகியது நீ இல்லை, நான். நான் சொல்லி அனுப்பவில்லை என்று அனுப்பியவனே எழுதிக் கொடுத்தால் விலகலை ரத்து செய்யலாம் என்று தலைமை நர்ஸம்மா சொன்னார். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவருக்கு எழுது. இனி வருகிற தகவல் எல்லாம் என் நம்பருக்கு வரட்டும் என்பதையும் சேர்த்து எழுது. வருகிறதைப் படித்துப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். இதெல்லாம் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அதற்கு முன்னால் வேண்டாம். குளிரில் காதை மூடிக்கொள், ஒரு வேளையும் பட்டினி கிடக்காதே, எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, நீ நினைக்கிற நல்லது எல்லாம் உனக்கு நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நர்ஸம்மாவுக்கு எழுதும்போது கௌரவமாக இருக்கட்டும் என்று அகராதியைப் புரட்டாதே. ஏதோ தொடர்புக் கோளாறு, சிறு குழப்பம், புரிதல் பிசகு என்றெல்லாம் ஆங்கிலத்தில் அழகான சொற்கள் நிறைய உண்டு, எனக்கே நாலைந்து தெரியும். அவையெல்லாம் நீ செய்ததற்குப் பங்காளிச் சொற்கள், அதே சொல் இல்லை. நான் அம்மாவைக் கேட்கவில்லை என்று எழுது. கீழே உன் பெயரைப் போடு.

கோபம் தீராத,
உன் அம்மா.