புழுக்கை என்ற பெயருக்கு நான் பொறுப்பில்லை

கோவில்பட்டி
பங்குனி மாதம், 2001

அன்பு மகள் சத்தியபாமாவுக்கு உன் பெரியப்பா வன்னியபெருமாள் மனதார வாழ்த்தி எழுதுவது. செண்பகவல்லி அம்மன் கிருபையில் இங்கே நானும் உன் பெரியம்மா ராதாமணியும் நீ எங்களிடம் விட்டுப்போன இரண்டு வானரங்களும் கல்லுக்குண்டு போல இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் தூத்துக்குடியிலிருந்து உன் மாமியார் போன் போட்டிருப்பார்கள். உன் பெரியப்பா பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரமாக ஆட்டுப்புழுக்கை கொடுக்கிறார், நான் கண்ணால் பார்த்தேன், பிள்ளைகளை இங்கே அனுப்பச் சொல் என்று சொல்லியிருப்பார்கள். நீயும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எனக்குப் போனில் பேசத் தெரியாமல் இல்லை, ஆனால் பூத்துக்காரன் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது புழுக்கை புழுக்கை என்று கத்த என் கௌரவம் இடம் தரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றாலும் எழுத்தில் கலெக்டரே என்னிடம் கைகட்டி நிற்கவேண்டும், ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

உன் பிள்ளைகள் சாப்பிடுகிற லட்சணத்தில் நீ பார்த்தது கால்வாசிதான். ஏழு வயதுப் பயல் அருண்பாண்டியன் இட்லியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போய் அங்கே வேப்பமரத்தடியில் துப்புவான். ஐந்து வயதுச் சிறுக்கி முத்துசெல்வி தோசையில் ஓட்டை இருக்கிறது என்பாள், ஓட்டை இல்லாமல் சுட்டால் பல்லி முதுகு மாதிரி இருக்கிறது என்பாள். நீ கொடுத்துவிட்ட அந்த அட்டைப்பெட்டிச் சோளப்பொரி பாலில் விழுந்ததும் மழையில் நனைந்த சினிமா நோட்டீஸ் மாதிரி ஊறி மிதக்கிறது, ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு நான் ஒரு செம்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கிரீம் பன் வாங்கிக் கொடுத்தேன், சலூனில் முகத்தில் பூசுவதை வழித்து வைத்த மாதிரி ஒரு கிரீம், அதை மட்டும் நக்கிவிட்டு எச்சில் பன்னை என் வெள்ளை வேட்டியிலேயே வைத்தார்கள். பொங்கலுக்கு வந்த உன் மாமியார் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் துருத்திக்கிட்டு நிக்கி அண்ணாச்சி, பங்குனில வருவேன், அதுக்குள்ள தேறலைன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன் பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பிடித்து உன் பெரியம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு ஒன்றுமில்லை.

அப்போதுதான் நீ எழுதினாய், கம்பு மாவும் கடலையும் கருப்பட்டியும் சேர்த்து வீட்டிலேயே கேக் சுட்டுக் கொடுங்கள், ஓவன் அடுப்பு இல்லாவிட்டால் குக்கரில் மணலைப் பரப்பி அதன்மேல் தட்டை வைத்து, விசிலும் வளையமும் போடாமல் மூடுங்கள் என்று. மணல் என்று நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய், அதில் உன்மேல் குற்றமில்லை. ஆனால் நாகலாபுரத்தில் நம் நிலம் சும்மா கிடக்க, ஊரான் மணலை எதற்கு நான் வாங்கவேண்டும்? நம் கரிசல் சூட்டைப் பிடித்தால் விடாது, டெல்லியிலிருந்து விஞ்ஞானிகள் வந்து அள்ளிக்கொண்டு போன மண் அது. டிவிஎஸ் வண்டியில் ஒரு சாக்கு கொண்டுவந்தேன். முந்தின வாரம்தான் கருத்தப்பாண்டி அந்த நிலத்தில் உரத்துக்குக் கிடை போட்டிருந்தான், ஆயிரம் ஆடு ராத்திரி ராத்திரியாகப் படுத்து எழுந்த மண், அந்தச் சின்ன விஷயம் என் பெரிய மூளைக்கு எட்டவில்லை. அடுப்பு பற்றியதும் முதலில் புதுமழை வாசம் வந்தது, பார்த்தாயா ராதாமணி என்று மார்தட்டினேன். தட்டின கையை இறக்குவதற்குள் வந்தது பார் ஒரு நாற்றம். ஆட்டு மூத்திரமும் புழுக்கையும் ஒன்றாக வெந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியவேண்டாம் தாயே. மாடிவீட்டுப் பூங்கொடி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, அண்ணாச்சி, என்ன எழவப் போட்டு அவிக்கிய, எம்பிள்ள வாந்தி எடுக்கான் என்று கத்தினாள். அந்த நேரம் ஸ்டேஷனில் நின்ற ரயிலில் எல்லாரும் ஜன்னலை இறக்கிவிட்டார்களாம். நான் மானஸ்தன், கேக்கை ஒரு விள்ளல் வாயில் வைத்தேன். கிடாய் ஆட்டின் தாடியைச் சப்பின மாதிரி இருந்தது. காக்கைக்குப் போட்டேன், அது ஒரு கொத்துக் கொத்திவிட்டு அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு பறந்தது. உன் பெரியம்மா, அந்தக் குக்கர இனிமே அடுப்படிக்குள்ள கொண்டாந்திய, எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன் என்றாள். அவள் அம்மா செத்து எத்தனையோ வருஷமாகிறது. பிள்ளைகள் மட்டும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தன.

மறுநாள் எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைக் கேட்டு வாங்கி, சலித்து, அலசி, காயவைத்து, வேறு குக்கரில் போட்டோம். கேக்காகச் சுட்டால் உதிர்ந்துபோகிறது என்று சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்தோம். வறுத்த கம்பு மாவு, பொடித்த கடலை, எள், கருப்பட்டிப் பாகு, நெய், ஒரு முட்டை. பிசைந்ததும் உருட்டியதும் ராதாமணி, ஆனால் யோசனை முழுக்க என்னுடையது. வெந்து வந்தபோது கறுத்துச் சுருங்கி லேசாக வெடித்திருந்தது. முத்துசெல்வி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, தாத்தா, இது கருத்தப்பாண்டி மாமா ஆட்டுப் புழுக்க மாதிரியே இருக்கு என்றாள். அருண், நீ திம்பியாட்டி என்றான், நீ தின்னா நானும் திம்பேம்ல என்றாள், இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டன. துப்பினால் பிடிக்க நான் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆனால் கண்ணைத் திறந்ததும் இன்னும் ரெண்டு புழுக்க குடு என்று கையை நீட்டினார்கள். அன்றிலிருந்து விடிந்ததும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, தாத்தா புழுக்க, தாத்தா புழுக்க. பருத்திக் கமிஷன் கடை வன்னியபெருமாள் வீட்டில் இந்தச் சத்தம், நினைத்தாலே உடம்பு கூசுகிறது. கம்பு ரத்தினம் என்று நானே ஒரு பேர் வைத்துப் பார்த்தேன். அந்தப் பேரைச் சொன்னால் இரண்டும் வாயை இறுக்கிக்கொள்கின்றன.

போன வியாழக்கிழமை காலையில் சொன்னபடி உன் மாமியார் வந்து இறங்கினார்கள். அவர்கள் முன்னாடி அந்த அசிங்கம் பிடித்த வார்த்தையை எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வெள்ளித் தட்டில் அடுக்கி, சாப்பிடுங்கம்மா, கம்பு ரத்தினம் என்றேன். தொடவில்லை. கெஞ்சினேன், கதை சொன்னேன், இரண்டும் மரமாட்டம் உட்கார்ந்திருந்தன. உன் மாமியார் என்னைப் பார்த்து, இதான் அண்ணாச்சி தேத்துன லட்சணமா என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் துணிமணி எங்கே என்று கேட்டார்கள். ராதாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தை நான் பார்த்தேன். என்ன செய்ய? தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளை வேட்டியும் துண்டுமாக, சம்பந்தியம்மா முன்னால் என் வாயாலேயே சொன்னேன். ஏட்டி முத்துசெல்வி, ஏல அருணு, புழுக்க திங்க வாரியளா என்று. பாய்ந்து வந்தார்கள் பார், தட்டு காலி. உன் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டார்கள். நான் விளக்கம் சொல்லச் சொல்ல, வேண்டாம் அண்ணாச்சி, இன்னைக்கே பாமாகிட்ட பேசுதேன் என்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் நான் ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போனேன், ராதாமணி கொல்லையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆட்டோ வந்ததும் உன் மாமியார் தனியாகக் கிளம்பிவிட்டார்கள். இதுதான் நடந்தது.

பிள்ளைகளைக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன், இரண்டு பேரும் ஏறியிருக்கிறார்கள். எவ்வளவு என்று நான் எழுதினால் நீ பாதியைக் கழித்துக்கொள்வாய், ஆகவே உன் பெரியம்மா தனியாக எழுதுவாள். பிள்ளைகள் போய்விட்டால் அவள் தாங்கமாட்டாள் அம்மா. எனக்கு ஒன்றுமில்லை, எனக்குக் கடையில் ஆயிரம் வேலை, காலையில் யாரும் கத்தாவிட்டால் பேப்பர் படிக்கலாம். மேலத்தெருப் பாண்டியராஜன் மஸ்கட் வருகிறான், அவனிடம் ஒரு டப்பா கொடுத்துவிட்டிருக்கிறேன். பெயரை நினைக்காமல் மாப்பிள்ளையும் நீயும் தின்று பாருங்கள். தலைக்கு எண்ணெய் வை, தண்ணீர் நிறையக் குடி. தீர்க்க சுமங்கலியாக, பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் நிறைந்து வாழ அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
பூ. வன்னியபெருமாள்

மறந்துவிடாதே, ஒரு விஷயம். உன் மாமியார் ஆட்டோவில் ஏறிப்போன பிறகு உள்ளே வந்து பார்த்தால் மேஜைமேல் புழுக்கை நிறைய வைத்திருந்த டப்பாவில் அடி தெரிகிறது. வீட்டில் வேறு ஆள் இல்லை. நான் யாரையும் சொல்லவில்லை, சம்பந்தி வீட்டை அப்படிப் பேசுகிற ஆள் நானில்லை. அடுத்து அவர்கள் போன் போட்டால், பல்லிடுக்கில் மாட்டிய எள் எடுபட்டதா என்று மட்டும் கேள். அதற்கு அவர்கள் சொல்கிற பதிலை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கே இருக்கவேண்டும் என்று நீயே முடிவு செய்.