துணைக்குப் போனவளுக்குக் கிடைத்த வேலை

இன்று காலை எங்கள் கப்பல் ஏஜென்சிக் கந்தோருக்கு இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி வேலை கேட்டு வந்தவள், மற்றவள் அவளுக்குத் துணை. இரண்டு பேரும் அப்பியிருந்த பவுடர் வாசம் விறாந்தை முழுக்க. அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வேலை கேட்டுப் போனவள் நீ. துறைமுகப் பக்கம் குமர்ப்பிள்ளை தனியே போகக்கூடாது என்று உன் ஐயா சொன்னதால் நான் துணைக்கு வந்தேன். இந்தக் கப்பல் ஏஜென்சியில் அப்போது தொலைபேசிக்கு ஆள் எடுத்தார்கள். அது கிடைக்காவிட்டால் வெருகல் ஊரில் பார்த்திருந்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிடுவதென்று ஐயா முடிவாயிருந்தார். வழி நெடுக நீ அதையே சொல்லிப் புலம்பினாய். உன்னிடம் தட்டச்சுச் சான்றிதழ் இருந்தது, இங்கிலிசும் இருந்தது. என்னிடம் உன் குடைதான் இருந்தது.

மனேஜர் உன்னைக் கப்பல் கட்டுகிற ஜெட்டிக்கு லைன் எடுத்துக் கதைக்கச் சொன்னார். அங்கே தேயிலைப் பெட்டி ஏற்றுகிற இரைச்சல். உனக்கோ பக்கத்தில் இருப்பவளும் காதைக் கொடுத்தால்தான் கேட்கிற குரல். "ஆர்? ஆர் அது?" என்று கத்திவிட்டு அந்த ஆள் வைத்துவிட்டார்.

"சத்தம் காணாது, பிள்ளை" என்றார் மனேஜர்.

நீ அழப்போகிறாய் என்று, உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பினேன். நீ என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாய்.

"சேர், இவளைக் கதைக்க விட்டுப் பாருங்கோ."

"முந்தி எங்கையும் வேலை செய்த அனுபவம் இருக்கோ?"

"இல்லை சேர். ஆனா இவளின்ரை அம்மாவுக்குக் காது கேளாது. சின்னனிலையிருந்து அந்த மனுசியோடை கதைச்சு வளர்ந்தவள்."

பள்ளிக்கூடத்தில் எனக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பட்டம் வைத்தவளே நீதான். அம்மாவுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாய் நிறுத்திச் சொன்னேன். "கேக்குது, கேக்குது, மெல்லக் கதையுங்கோ" என்றார் ஜெட்டிக்காரர். மனேஜர் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரோ? இனி உன்ரை பாடு என்ன?"

"எடி, எனக்குத்தான் இல்லை எண்டு ஆச்சு. ரெண்டு பேரும் வெறுங்கையோடையோ போறது?"

நீ வெருகலுக்குப் போனாய். நான் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கப்பல்காரர், கடைக்காரர், கொழும்புப் பெரியவர்கள், எல்லோருக்கும் லைன் கொடுத்தேன். நாள் முழுக்கக் குரல்கள், ஒன்றும் எனக்கு இல்லை. நீ இருந்த பக்கத்துக்குத் தொலைபேசிக் கம்பியே போகவில்லை. கடிதம் எழுத உனக்கு எப்போதும் பஞ்சி, பேனையைத் தொடவே மாட்டாய்.

இரண்டாவது பிள்ளைப்பேற்றோடு நீ போய்விட்டாய் என்பதை, மூதூர் லாஞ்சில் வந்த உன் புருஷனின் தம்பி கந்தோர் வாசலில் நின்று சொன்னார். செத்தவீடு முடிந்துவிட்டிருந்தது. அவர் சொல்லி முடிக்குமுன் உள்ளே மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்து "வணக்கம்" என்றேன். குரல் உடையவில்லை. அந்தக் குரலை அன்று வெறுத்தேன்.

அம்மாவும் போய்விட்டா. வீட்டில் நான் மட்டும்தான். குசினியில் தேத்தண்ணி வைக்கும்போது உன்னோடு கதைப்பேன், ஒவ்வொரு சொல்லாய் நிறுத்தி, சத்தமாய். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தனிய இருந்து ஆரோடை இப்படிக் கத்துறாய், பிள்ளை?"

"அவள் தூரத்திலை, அக்கா" என்றேன்.